பழைய வேனுக்குப் புதிய ஷொக்: பார்த்து வாங்குவது எப்படி?



கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விடியற்காலையிலேயே வேன்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை என எந்தப் பக்கம் போனாலும் இதைக் காணலாம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் மரக்கறி மூட்டைகள், அவசரத்துக்குப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மார் என்று எல்லோரையும் எல்லாவற்றையும் சுமப்பது இந்த வேன்கள்தான். அவற்றில் பல இருபது, முப்பது வருடம் பழையவை. 2020 மார்ச்சில் நம் நாட்டுக்கு வாகனம் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த விலை தோட்டத்துக் குடும்பங்களுக்கு எட்டுகிற விலையாக இல்லை. ஆகவே கையில் இருக்கும் பழைய வண்டியை நல்லபடி வைத்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

இப்படி ஒரு வேன் வாங்கிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக் காசு, சீட்டுக் காசு, அடகு வைத்த நகை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்த வண்டி வளைவில் புரண்டாலோ, பிரேக் அடித்து நிற்காமல் போனாலோ போவது காசு மட்டும் அல்ல. உள்ளே இருப்பது நம் பிள்ளைகள். ஆகவே வண்டியின் ஒரு சிறு உறுப்பைப் பற்றி இந்தப் பாடத்தில் விளக்கமாகப் பார்ப்போம். அதன் பெயர் ஷொக் அப்சோபர். நாம் சுருக்கமாக ஷொக் என்கிறோம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்" என்று பெண்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வண்டிக்குப் போட்ட காசில் பாதிக்கு மேல் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு. அது எதற்குச் செலவாகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

1. ஷொக் செய்யும் வேலை

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். "டொல்பின்" என்று நாம் சொல்லும் 1989க்குப் பிந்திய டொயோட்டா ஹையேஸ் வேனை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தில் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி இருக்கிறது. பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் இருக்கின்றன. பள்ளத்தில் விழும்போது இவை வளைந்துகொடுக்கின்றன. ஆனால் வளைந்த ஸ்பிரிங் சும்மா இருக்காது, திரும்பவும் துள்ளும். ஷொக் இல்லாத வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஊஞ்சல் மாதிரி பல தடவை ஆடிக்கொண்டேதான் போகும்.

அந்தத் துள்ளலை அடக்குவது ஷொக்கின் வேலை. அதன் உள்ளே ஒயில் நிறைந்த ஒரு குழாய், அதற்குள் துளையுள்ள ஒரு பிஸ்டன், பிஸ்டனோடு சேர்ந்த ஒரு தண்டு இருக்கின்றன. சில்லு மேலும் கீழும் போகும்போது பிஸ்டனும் போகிறது. ஒயில் அந்தச் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டுதான் போக முடியும். மருந்து தெளிக்கும் டாங்கியின் பிடியை அடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெதுவாக அடித்தால் கை இலேசாகப் போகும். வேகமாக அடித்தால் பிடி எதிர்த்து நிற்கும். ஷொக்கும் அப்படித்தான். எவ்வளவு வேகமாகச் சில்லு துள்ளப் பார்க்கிறதோ, அவ்வளவு பலமாக அது பிடித்து நிறுத்தும். அடக்கிய துள்ளல் சூடாக மாறி ஒயிலில் சேர்ந்து, குழாய் வழியே காற்றில் போய்விடுகிறது.

இதில் நம் உயிருக்குச் சம்பந்தமான விஷயம் ஒன்று உண்டு. வண்டி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 10 மீற்றர் நகர்கிறது. பழுதான ஷொக் உள்ள வண்டியில் சில்லு ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடிக்கும். துடிக்கும் டயர் பாதையைச் சரியாகப் பிடிக்காது. டயர் பிடிக்காத நேரத்தில் பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. மழை பெய்த மண் பாதையில், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் வளைவில், இதன் அர்த்தம் என்ன என்று நாம் சொல்லத் தேவையில்லை.

2. பாரம் தாங்குவது ஷொக் அல்ல

நம் ஆட்கள் பலர் ஏமாறும் இடம் இது. கராஜில் அடிக்கடி கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"பாஸ், ஆள் ஏத்துனா வண்டி பின்னால உக்காந்துருது. நல்ல ஹார்ட் ஷொக்கா ஒரு ஜோடி பாத்துப் போட்டுடுங்க."

"உக்காந்துருதுன்னா அது ஷொக் வேல இல்ல தம்பி. மொதல்ல பட்டையப் பாப்போம்."

இப்படிச் சொல்லும் பாஸ் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். நிற்கும் வண்டி தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருக்கிறோம். சாதாரண ஷொக்கை எவ்வளவு விலை கொடுத்து மாற்றினாலும் தாழ்ந்த வண்டி உயராது. துள்ளுவதை நிறுத்த வேண்டுமானால்தான் ஷொக்.

இதன் மறுபக்கமும் உண்டு. பாரம் ஏற்றுவதற்காகச் சிலர் பின்பக்கம் ஒரு பட்டையைக் கூட்டுகிறார்கள். முன்பக்கம் தாழ்ந்துவிட்டதென்று டோர்ஷன் பாரை முறுக்கி உயர்த்துகிறார்கள். வண்டி உயர்ந்ததும் பழைய அளவு ஷொக் எப்போதும் இழுபட்ட நிலையில் நிற்கிறது. சின்னப் பள்ளத்தில் சில்லு கீழே இறங்கினாலே தண்டு முழுவதும் வெளியே வந்து "டொக்" என்று இடிக்கும். கொஞ்ச நாளில் தண்டின் பிடி அறுந்துவிடும், அல்லது சீல் போய்விடும். "புது ஷொக் போட்டும் மூணு மாசம் தாங்கல" என்று சொல்பவர்கள் வண்டியின் உயரத்தை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

3. ஷொக் போய்விட்டதா என்று அறிவது எப்படி?

காசு செலவழிக்கும் முன் நாமே பார்க்கக்கூடிய அடையாளங்கள் இவை.

அ) ஒயில் கசிவு. குழாயின் மேல் இலேசான ஈரப் பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தண்டு போய் வரும்போது சிறிதளவு ஒயில் படிவது வழக்கம். ஒயில் வழிந்து, அதில் தூசியும் மண்ணும் அப்பிக் கறுத்துப்போயிருந்தால் சீல் போய்விட்டது.

ஆ) டயர் தேய்வு. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சில்லு துள்ளித் துள்ளி ஓடுகிறது. சில்லு பலன்ஸ் இல்லாவிட்டாலும், முன்பக்க மூட்டுகள் தேய்ந்திருந்தாலும் இப்படி வரலாம். ஆகவே அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இ) ஓட்டத்தில் தெரிவது. பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் குத்துவது, வளைவில் அளவுக்கு மேல் சாய்வது, ஒரு திட்டைத் தாண்டிய பின்னும் இரண்டு மூன்று தடவை ஆடுவது, பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகம் வாந்தி எடுப்பது. கடைசியில் சொன்னதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைதான் ஷொக்கின் நிலையை டிரைவருக்கு முன் அறியும்.

ஈ) அமுக்கிப் பார்ப்பது. வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விட்டால் அது உயர்ந்து வந்து நின்றுவிட வேண்டும். பின்னும் ஆடினால் ஷொக் பழுது. ஆனால் பட்டை போட்ட பாரமான வேனைக் கையால் அமுக்குவது சுலபம் இல்லை. ஆகவே இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் ஷொக் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

உ) சூட்டுச் சோதனை. கரடுமுரடான பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, நான்கு ஷொக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த ஷொக் சூடாக இருக்கும். ஒரு ஜோடியில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

சத்தம் மட்டும் கேட்டால் அவசரப்பட வேண்டாம். ஷொக்கின் இரு முனையிலும் உள்ள இறப்பர் புஷ் தேய்ந்தாலும், பட்டையின் யூ போல்ட் தளர்ந்தாலும், முன்பக்க போல் ஜொயின்ட் போனாலும் "டக் டக்" என்று சத்தம் வரும். சிறு செலவில் முடிகிற புஷ் வேலைக்கு முழு ஷொக்கை மாற்றிவிடாதீர்கள். அதே போல் போல் ஜொயின்ட் போனதை ஷொக் என்று நினைத்து ஓட்டுவது பெரிய ஆபத்து.

நல்ல பாதையில் ஓடும் வண்டிக்கு 20,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஷொக்கைப் பரிசோதிக்கவும், 80,000 கிலோமீற்றர் அளவில் மாற்றவும் உற்பத்தியாளர் சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. தோட்டத்துக் கல்லுப் பாதைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையிலும் மண்சரிவிலும் கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் பாதைகள் பல சிதைந்ததை நாம் கண்ணால் கண்டோம். இப்படிப்பட்ட பாதையில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு சேர்விசிலும் ஷொக்கைப் பார்க்கச் சொல்வது நல்லது.

4. எவ்வளவு கடினமான ஷொக் வேண்டும்?

"ஹார்ட் ஷொக்தான் பலமானது" என்பது பரவலான நம்பிக்கை. இதை விளங்கிக்கொள்ள வெளியுலகத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறோம்.

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மோட்டர்ஹோம் என்ற ஒரு வகை வண்டி உண்டு. வேன் அல்லது சிறு லொறியின் மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலுமாரி எல்லாம் வைத்துக் கட்டிய ஓடும் வீடு அது. நம் நாட்டிலும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் படுக்கை வைத்த வேன்கள் வாடகைக்கு ஓடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அப்படிப்பட்ட வண்டிக்கு நாளை டிரைவராகப் போகலாம். இந்த வீட்டு வண்டியின் பாரம் ஒருபோதும் இறங்குவதில்லை. காலியாக ஓடும் நாளே அதற்குக் கிடையாது. அதோடு உயரமானது, காற்றில் சாயும். அதனால் பழைய மோட்டர்ஹோமுக்கு ஷொக் மாற்றுபவர்கள் முதலில் வண்டியைச் சாமான்களோடு நிறுக்கும் மேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பாரத்துக்கு ஏற்ற சற்றுக் கடினமான ஷொக்கைப் போடுவார்கள். அவர்களுக்கு அது சரி.

நம் வேன் அப்படி அல்ல. காலையில் பிள்ளைகளோடு போகும், வெறுமையாகத் திரும்பும். மாலையில் மூட்டையோடு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகப் பையோடு 40 கிலோ என்று 15 பிள்ளைகள் என்றால் 600 கிலோ. 60 கிலோ எடையுள்ள பெரியவர்கள் 14 பேர் என்றால் 840 கிலோ. 50 கிலோ மூட்டை 20 என்றால் 1,000 கிலோ. முழுப் பாரத்துக்காக மிகக் கடினமான ஷொக்கைப் போட்டுவிட்டு வெறும் வண்டியை ஓட்டினால் என்ன ஆகும்? சில்லு பள்ளத்துக்குள் இறங்க முடியாமல் கல்லுக்குக் கல் தாவும். டயரின் பிடி குறையும். உடம்பு குலுங்கும், பொடி வேலை ஆட்டம் காணும். ஷொக் பூட்டும் பிடியே வெடிக்கவும் கூடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: பெரும்பாலான நாட்களில் உங்கள் வண்டி எந்தப் பாரத்தோடு, எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை வைத்து ஷொக்கைத் தெரிவு செய்யுங்கள். ஸ்கூல் ஓட்டமும் வீட்டுத் தேவையும் என்றால், வண்டி செய்த கொம்பனி குறித்த சாதாரண அளவு ஷொக்கே போதும். தினமும் மூட்டை ஏற்றி, பெரும்பாலும் பாரத்தோடேயே ஓடும் வண்டி என்றால், அதே வேனுக்கென்று பாரவேலைக்குச் செய்த வகையைக் கேளுங்கள். எப்படியானாலும் வண்டிக்குக் குறித்த பாரத்தை மீறி ஏற்றுவதை எந்த ஷொக்கும் பாதுகாப்பான வேலையாக ஆக்கிவிடாது. கூரையின் மேல் ஏற்றும் பாரம் இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் அது வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

5. வகைகள் மூன்று

முதலாவது, இரட்டைக் குழாய் ஒயில் ஷொக். பழைய வேன்களில் வந்தது பெரும்பாலும் இதுதான். மிருதுவானது, விலை குறைந்தது. நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் ஓடினால் உள்ளே இருக்கும் காற்றும் ஒயிலும் கலந்து நுரை கட்டும். சவர்க்கார நுரை கையில் நிற்காதது போல, நுரைத்த ஒயில் பிஸ்டனை எதிர்க்காது. கீழே போகப் போக வண்டி அதிகமாக ஆடுவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஆறினால் மறுபடி சரியாகும்.

இரண்டாவது, இரட்டைக் குழாய் காஸ் ஷொக். இதுவும் ஒயில் ஷொக்தான். காற்றுக்குப் பதிலாக நைதரசன் வாயுவைக் குறைந்த அமுக்கத்தில் அடைத்திருப்பார்கள். அந்த அமுக்கம் ஒயிலை நுரைக்க விடாது. "காஸ் ஷொக்குக்கு ஒயில் இல்லை" என்பது தவறு. நம் பாதைக்கும் நம் கைக்கும் பெரும்பாலும் பொருத்தமானது இந்த வகைதான்.

மூன்றாவது, ஒற்றைக் குழாய் காஸ் ஷொக். ஒரே குழாய்க்குள் அதிக அமுக்கத்தில் வாயுவும் ஒயிலும் தனித்தனியாக இருக்கும். பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் டி கார்பன் உருவாக்கிய இந்த முறையை, ஜேர்மனியின் பில்ஸ்டைன் கொம்பனி 1957ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கத் தொடங்கியது. சூட்டை நன்றாக வெளியே விடும். பாரமான மோட்டர்ஹோம்காரர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். விலை அதிகம். இதன் வெளிக் குழாயில் கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கிவிடும், ஏனென்றால் உள்ளே இரண்டாவது குழாய் இல்லை. கல் தெறிக்கும் தோட்டப் பாதைக்கு இதை வாங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

6. கடைக்குப் போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை

வெறுமனே "ஹையேஸ் ஷொக்" என்று கேட்டால் பல விதம் இருக்கும். ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

* வண்டியின் மொடல் இலக்கம், செசி இலக்கம், தயாரித்த வருடம். இவை வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும்.
* முன்பக்கமா, பின்பக்கமா. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.
* பழைய ஷொக்கின் மேல் அச்சடித்த அல்லது கொத்திய இலக்கம், தெரிந்தால்.
* இரு முனையின் அமைப்பு. வளையமா, மரைத் தண்டா. வளையம் என்றால் துளையின் விட்டம் எவ்வளவு.
* பாரம் இல்லாமல் வண்டி தரையில் நிற்கும்போது மேல் பூட்டுக்கும் கீழ் பூட்டுக்கும் இடையே உள்ள தூரம்.
* பட்டை கூட்டியிருக்கிறதா, டோர்ஷன் பார் முறுக்கியிருக்கிறதா.

கடையில் ஷொக்கின் சுருங்கிய நீளத்தையும் விரிந்த நீளத்தையும் கேளுங்கள். வண்டி நிற்கும்போது உள்ள தூரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேனும் வர வேண்டும். விரிந்த நீளத்துக்கு மிகக் கிட்டவாக இருந்தால் பள்ளத்தில் இழுபடும். சுருங்கிய நீளத்துக்குக் கிட்டவாக இருந்தால், வண்டியின் இறப்பர்க் கட்டை முட்டுவதற்கு முன்பே ஷொக்கின் அடி இடித்து உடையும்.

பெயர் பார்த்து வாங்குபவர்கள் உண்டு. ஜப்பானின் கேவைபி, டொகிக்கோ, அமெரிக்காவில் தொடங்கிய மொன்றோ, இந்தியாவில் 1961ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா எல்லாம் நெடுநாளைய பெயர்கள். ஆனால் நல்ல பெயர்களுக்குத்தான் போலியும் வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் குழாயில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அச்சு மங்கலாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா, வெல்டிங் கரடாக இருக்கிறதா, தண்டின் குரோம் பூச்சு கண்ணாடி போல இருக்கிறதா என்று பாருங்கள். விலை மற்றக் கடைகளைவிட மிகவும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

7. புதியதா, பாவித்ததா, நிரப்பியதா?

கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் நம் ஊர்ப் பக்கத்துக் கடைகளிலும் ஜப்பானில் கழற்றிய பாவித்த உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. கதவு, கண்ணாடி, கியர்பெட்டி என்று எத்தனையோ சாமான்களுக்கு அவை நமக்குக் கை கொடுத்திருக்கின்றன. ஷொக் விஷயம் வேறு. அது ஓட ஓட உள்ளே தேயும் பொருள். வெளியே கழுவிப் பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று கண்ணால் தெரியாது. வேறு வழியே இல்லாமல் வாங்குவதானால் தண்டில் துருவோ கீறலோ இருக்கக் கூடாது. நிமிர்த்தி வைத்துத் தண்டை முழுதும் அமுக்கி இழுத்தால் இரு திசையிலும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். நடுவில் சட்டென்று இலேசாகப் போனால் விட்டுவிடுங்கள்.

சில இடங்களில் பழைய ஷொக்கை அறுத்து, சீல் மாற்றி, ஒயில் நிரப்பி, வெல்ட் பிடித்துத் தருகிறார்கள். ஒயிலின் தடிப்பு மாறினால் ஷொக்கின் குணமே மாறிவிடும். தேய்ந்த தண்டு புதுச் சீலையும் விரைவில் அறுக்கும். காஸ் ஷொக்கை அறுப்பதும், சூடாக்குவதும், நெருப்பில் போடுவதும் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இந்த வேலை வேண்டாம் என்பதே நம் கருத்து.

காசு போதவில்லை என்றால் நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று இல்லை. இந்த மாதம் அதிகம் பழுதான ஜோடி, அடுத்த முறை மற்ற ஜோடி என்று செய்யலாம். ஆனால் ஓர் அச்சில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே பாதையில் ஓடும் நாலைந்து வேன்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை பேசவும் சுலபம்.

பில் வாங்காமல் வராதீர்கள். பில்லில் பொருளின் பெயரும் இலக்கமும், வொரண்டி உண்டென்றால் அதன் காலமும் எழுதியிருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பில் இல்லாத முறைப்பாடு பலம் இல்லாத முறைப்பாடு.

8. பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வேலையை அனுபவமுள்ள பாஸிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டியின் அடியில் ஜக்கை மட்டும் நம்பி எவரும் போகக் கூடாது. தாங்கு கட்டை வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கல் கொடுத்த பிறகே போக வேண்டும். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாக வரும் வண்டிகளில், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் அது குண்டு போலப் பாயும். இரட்டைக் குழாய் ஷொக்கைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்து உள்ளே சிக்கிய காற்றைப் போக்க வேண்டும். அதைத் தலைகீழாகப் பூட்டக் கூடாது. தண்டைக் குறட்டால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் சீலின் ஆயுள் முடிந்தது. இறப்பர் புஷ் புதிதாகப் போட வேண்டும். வளையத்தின் நட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சில்லுகளில் தரையில் நிற்கும்போதுதான். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு வாரம் ஓடிய பின் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றிய உடனே பிள்ளைகளை ஏற்றாதீர்கள். முதலில் வெறும் வண்டியாகவும் பிறகு சிறிது பாரத்தோடும் தெரிந்த பாதையில் ஓட்டிப் பாருங்கள். புதிய ஷொக் சற்று இறுக்கமாகத் தெரியும். பழுதானதற்கு நம் உடம்பு பழகிப்போனதே அதற்குக் காரணம்.

முடிவாக

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். ஷொக் இல்லாத வேன் ஓடும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. இன்று ஓடுகிறதே என்று நாளைக்கும் நாளன்றைக்கும் தள்ளிப்போடுகிறோம். அதற்குள் டயர் தேய்கிறது, புஷ் கிழிகிறது, பொடி வெடிக்கிறது. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ஒரு ஜோடி ஷொக் விலை எவ்வளவு, இரண்டு டயர் விலை எவ்வளவு, வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டுக்கு நட்டம் எவ்வளவு? இந்த மூன்றையும் கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்து முடிவெடுங்கள். பாதையைத் திருத்துவது நம் கையில் மட்டும் இல்லை. அந்தப் பாதையில் ஓடும் வண்டியை ஒழுங்காக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. பாரம் ஏற்றினால் வேன் பின்பக்கம் தாழ்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஏன்?
2. மோட்டர்ஹோமுக்குப் பொருந்தும் கடினமான ஷொக் ஸ்கூல் வேனுக்குப் பொருந்தாமல் போவது ஏன்?
3. ஓட்டி நிறுத்திய பின் ஒரு ஷொக் மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் அர்த்தம் என்ன?
4. ஒரு பக்கத்து ஷொக்கை மட்டும் மாற்றினால் வரும் தீமை என்ன?
5. உங்கள் பிள்ளை போகும் வேனின் ஷொக்கை யாராவது கடைசியாக எப்போது பார்த்தார்கள்? இந்த வாரமே டிரைவர் அண்ணனிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.